தொடருந்து நிலைய வசதிகள்: எவரிடம், எதனை, எவ்வாறு கோருவது

ஊன்ட்றொப்பில் ஒழுங்கான பயணிகள் தொடருந்துச் சேவை இல்லை. ஹம் நகரிலிருந்து ஊன்ட்றொப் ஊடாக லிப்பொர்க் நோக்கிச் செல்லும் தண்டவாளத்தில், பழைய தொடருந்துகளைப் பேணிக் காக்கும் ஆர்வலர்களின் வண்டி குறித்த சில நாட்களில் மட்டும் ஓடுகின்றது. எனவே இப்பகுதியில் வதியும் தமிழர்களுக்குத் தொடருந்துப் பயணம் என்பது ஹம் பிரதான நிலையம் வரை பேருந்தில் செல்வதுடன் தொடங்குகின்றது. 2002 ஆம் ஆண்டு யூலை மாதம் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்துக்கு வெளியூர்களிலிருந்து வருவோருக்கோ அப்பயணம் வேறோர் இடத்தில், பெரும்பாலும் ஏதேனும் ஒரு புறநகர் நிலையத்தில், தொடங்குகின்றது. அந்நிலையத்தின் வசதிகள் எவருடைய பொறுப்பு, அவற்றை மேம்படுத்துமாறு கோரும் உரிமை எதுவரை செல்லும், கோரிக்கையை எங்கே சமர்ப்பிப்பது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். றூர் பிரதேசத்தின் புறநகர் ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவர், முழங்கால் நோவினால் நான்கு சக்கர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டே நடமாடுபவர், தேர்த் திருவிழாவுக்குச் செல்ல விரும்புகின்றார். டுசில்டோர்ஃப், எசென், டோர்ட்முண்ட் ஆகிய நகரங்களின் வழியே ஹம் வரும் ஆர்.ஈ. 1, ஆர்.ஈ. 3, ஆர்.ஈ. 6, ஆர்.ஈ. 11 ஆகிய பிரதேச விரைவுத் தொடருந்துகளுள் ஒன்றை அவர் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னர் தம் வீட்டருகே உள்ள சிறு நிலையத்தில் ஏற வேண்டும். இடையில் ஒரு பெரிய நிலையத்தில் வண்டி மாற வேண்டும். ஹம் நகரில் இறங்கிப் பேருந்துத் தரிப்பிடத்தை அடைய வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் மின்தூக்கி இயங்காவிடில், அல்லது நடைமேடைக்கும் வண்டியின் வாசலுக்கும் இடையே ஓர் உயரமான படி குறுக்கிடின், ஏனைய இடங்கள் எவ்வளவு செம்மையாக இருப்பினும் பயனில்லை. அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். மகனோ மகளோ காரில் ஏற்றிச் சென்றால் உண்டு, இன்றேல் இல்லை.

அவர் வீட்டில் இருந்துவிட்டார் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இது பின்னர் விரிவாக நோக்கப்படும். நிலைய வசதிகள் பற்றிய சட்டத்தின் மிகவும் பலவீனமான இடம் அதுவே.

பொறுப்பு எவருடையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நிலையத்தில் குறை கண்டவர் மாநகரசபைக்கு எழுதுவது இயல்பு. ஊரிலுள்ள நிலையம் ஊராட்சியினுடையது என்று எண்ணுவது நியாயமான எண்ணமே. ஆயினும் ஜேர்மனியில் ஒரு நிலையத்தின் வாயிலிலிருந்து வண்டியின் இருக்கை வரையுள்ள சில பத்து மீற்றர்களுக்குள் நான்கு வெவ்வேறு தரப்புகளின் எல்லைகள் சந்திக்கின்றன. நிலைய முன்றில், பேருந்துத் தரிப்பிடம், மிதிவண்டி நிறுத்துமிடம், அணுகு வீதி ஆகியவை பொதுவாக நகரத்தின் பொறுப்பில் உள்ளவை. ஹம் நகரில் பிரதான நிலையத்தின் முன்னுள்ள வில்லி பிறான்ட் சதுக்கம் அத்தகையது. நடைமேடை, அதன் கூரை, இருக்கைகள், மின்தூக்கி, ஒலிபெருக்கி, அறிவிப்புப் பலகை ஆகியவை டொச் பான் குழுமத்தைச் சேர்ந்த டே.பே. இன்ஃப்றாகோ நிறுவனத்துக்கு உரியவை. முன்னர் தண்டவாளங்களை ஒரு நிறுவனமும் நிலையங்களை இன்னொரு நிறுவனமும் நிருவகித்து வந்தன. 2024 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் நாள் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு இன்ஃப்றாகோ உருவானது. பழைய கடிதங்களிலும் படிவங்களிலும் காணப்படும் "ஸ்டேஷன் உண்ட் சேர்விஸ்" என்ற பெயர் இன்று இதனையே குறிக்கும்.

வண்டிகளை ஓட்டும் நிறுவனம் வேறு. எந்த வண்டி, எத்தனை மணிக்கொருமுறை, எந்நிலையத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்து அந்நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யும் தரப்பு வேறு. வெஸ்ற்ஃபாலன் லிப்பெ பகுதியில் அத்தரப்பு என்.வே.எல். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொதுநிருவாகக் கூட்டமைப்பு ஆகும். நகரங்களும் மாவட்டங்களும் சேர்ந்து அமைத்த இதன் தலைமையகம் ஊனா நகரில் உள்ளது. நிலையமொன்றைப் புதுப்பிப்பதற்கான நிதி, கூட்டாட்சி அரசு, மாநில அரசு, தொடருந்து நிறுவனம் ஆகியவற்றிடமிருந்து பல வழிகளில் வருகின்றது. எந்நிலையம் முதலில், எந்நிலையம் பின்னர் என்ற வரிசையைத் தீர்மானிக்கும் பேச்சுவார்த்தையில் என்.வே.எல். போன்ற அமைப்புகளுக்குக் கணிசமான இடமுண்டு. "மாநகரசபை ஏன் மின்தூக்கி கட்டவில்லை" என்ற வினாவுக்கு விடை இதுதான்: கட்டும் உரிமை அதற்கு இல்லை. வற்புறுத்தும் குரல் மட்டும் அதற்கு உண்டு. அக்குரலும் அற்பமானது அன்று.

அடுத்து நடைமேடையின் உயரம். இதனைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்வது பயன்தரும். ஏனெனில் பயணிகளின் அன்றாடத் துன்பங்களுள் பெரும்பகுதி இங்கிருந்தே எழுகின்றது.

தொடருந்துக் கட்டுமான, இயக்க ஒழுங்குவிதியின் 13 ஆம் பிரிவு, நடைமேடையைப் புதிதாகக் கட்டும்போதும் முழுமையாகத் திருத்தும்போதும் அதன் விளிம்பு தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 76 சென்றிமீற்றர் உயரத்தில் அமைய வேண்டும் என்பதைப் பொதுவிதியாக வகுக்கின்றது. 38 சென்றிமீற்றருக்குக் குறைவாகவும் 96 சென்றிமீற்றருக்கு மேலாகவும் கட்டுதல் ஆகாது. நகர விரைவுத் தொடருந்துகளாகிய எஸ்-பான் மட்டும் நிற்கும் மேடைகளுக்கு 96 சென்றிமீற்றர் உரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளோ 55, 76 ஆகிய இரு உயரங்களையே பொது அளவுகளாகக் கொள்கின்றன. இவற்றோடு, பழைய காலத்தில் கட்டப்பட்டு இன்னும் திருத்தப்படாத 38 சென்றிமீற்றர் மேடைகளும் நாடெங்கும் உள்ளன.

இதன் விளைவு யாதெனில், ஒரே பயணத்தில் ஒருவர் மூன்று வகையான உயரங்களைச் சந்திக்க நேரும். 76 சென்றிமீற்றர் மேடைக்கென வடிவமைத்த வண்டி 38 சென்றிமீற்றர் மேடையில் நின்றால் இடையில் ஏறத்தாழ 40 சென்றிமீற்றர் ஏற்றம் உண்டாகும். இளைஞர் ஒருவர் அதனைக் கவனிக்கவே மாட்டார். குழந்தைத் தள்ளுவண்டியுடன் வரும் தாய் அயலவர் ஒருவரின் கையுதவியை நாடுவார். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது ஒரு சுவர். மறுதலையாக, 96 சென்றிமீற்றர் எஸ்-பான் மேடையில் 76 சென்றிமீற்றருக்குரிய வண்டி நின்றால் பயணி கீழ்நோக்கி இறங்கி உள்ளே நுழைய வேண்டியிருக்கும். றூர் பிரதேசத்தில் எஸ்-பான் தடங்களும் பிரதேச விரைவுத் தடங்களும் பல இடங்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஓர் உயரத்தைத் தேர்ந்தால் மற்றொரு வண்டிக்கு அது பொருந்தாமற் போகும் சிக்கல் நெடுங்காலமாக நிலவுகின்றது. றைன் றூர் விரைவுத் தொடருந்துத் திட்டத்தின் கீழ் ஹம் வரையுள்ள முக்கிய நிறுத்தங்களை 76 சென்றிமீற்றர் உயரத்துக்குக் கொண்டுவரும் பணி இதற்காகவே மேற்கொள்ளப்பட்டது.

"மேடையை உயர்த்துவது அவ்வளவு கடினமா" என்று கேட்கப்படுவதுண்டு. மேடையை மட்டும் உயர்த்தினால் கடினமன்று. ஆனால் மேடை உயர்ந்தால் படிக்கட்டின் முடிவிடம் மாறும்; மின்தூக்கியின் வாசல் மாறும்; மழைநீர் வடிகால் மாறும்; கூரையின் தூண்கள் குட்டையாகிவிடும். இவை அனைத்தையும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் தடத்தின் ஓரத்திலேயே செய்ய வேண்டும். தடத்தை மூடிவைக்கும் நேரங்கள் நெடுநாள் முன்கூட்டியே திட்டமிடப்படுபவை. ஒரு நாள் பிந்தினால் அடுத்த வாய்ப்பு வெகு தொலைவிற்குச் சென்றுவிடலாம். யாழ்ப்பாணத்தில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1990 ஆம் ஆண்டு யாழ்தேவி நின்றுபோன பின்னர் அங்கு தண்டவாளமே எஞ்சவில்லை. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 ஆம் நாள் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது பாதையும் நிலையமும் ஏறக்குறைய அடியிலிருந்தே எழுப்பப்பட்டிருந்தன. அந்த 24 ஆண்டு இழப்பை எவரும் வசதி என்று சொல்லமாட்டார். ஆனால் வெறுந்தரையில் கட்டும் பொறியியலாளருக்கு ஓடும் வண்டி இடையூறாக இருப்பதில்லை. சென்னைப் புறநகர்த் தடத்திலுள்ள பரங்கிமலை நிலையம், இந்திய அரசின் அம்ரித் பாரத் திட்டத்தின் கீழ்ப் புதுப்பிக்கப்பட்டு 2025 ஆம் ஆண்டு மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. அங்கு நிலைமை ஜேர்மனியை ஒத்தது: புறநகர் வண்டிகள் நில்லாது ஓடிக்கொண்டிருக்கும் தடத்தின் நடுவிலேயே வேலை நடைபெற்றது.

இனிச் சட்டம். இங்கு ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டியுள்ளது. "2022 ஆம் ஆண்டுக்குள் எல்லா நிலையங்களும் தடையற்றவையாக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கின்றது, ஆகவே எமது நிலையத்தில் மின்தூக்கி இல்லாதது சட்டமீறல்" என்ற கூற்று பல இடங்களில் வலம்வருகின்றது. 2022 சனவரி 1 என்ற நாள் உண்மையானதே. அது பயணிகள் போக்குவரத்துச் சட்டத்தின் 8 ஆம் பிரிவில் உள்ளது. பொதுப் போக்குவரத்தில் முழுமையான தடையின்மையை அந்நாளுக்குள் எய்துவது இலக்கு என்றும், அதற்கு விலக்கு வேண்டுமாயின் உள்ளூர்ப் போக்குவரத்துத் திட்டத்தில் அதனைப் பெயர்குறித்துக் காரணமும் கூற வேண்டும் என்றும் அப்பிரிவு விதிக்கின்றது. ஆனால் அச்சட்டம் பேருந்து, டிராம், நிலக்கீழ்த் தொடருந்து ஆகியவற்றுக்கு உரியது. டொச் பான் தடங்களும் அவற்றின் நிலையங்களும் அதன்கீழ் வருவதில்லை. அவற்றை ஆள்வது பொதுத் தொடருந்துச் சட்டமும் மேற்கூறிய ஒழுங்குவிதியும் ஆகும். எனவே நிலைய முன்றிலிலுள்ள பேருந்துத் தரிப்பிடத்தின் விளிம்பு தாழ்வாக இருந்தால் 2022 என்ற நாளை எடுத்துக்காட்டி மாநகரசபையைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதே நாளைக் காட்டி நடைமேடையைப் பற்றிக் கேட்டால் கடிதம் முதல் வரியிலேயே தன் வலுவை இழந்துவிடும்.

தொடருந்துக்குரிய விதி இன்னும் மென்மையான சொற்களில் அமைந்தது. ஒழுங்குவிதியின் 2 ஆம் பிரிவின் 3 ஆம் உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் குழந்தைகளும் நிலையங்களையும் வண்டிகளையும் தனிச்சிரமம் இன்றிப் பயன்படுத்தத்தக்கவாறு விதிகள் கையாளப்பட வேண்டும் என்று கூறுகின்றது. அதற்கான திட்டங்களை வகுக்குமாறு தொடருந்து நிறுவனங்களைக் கட்டளையிடுகின்றது. திட்டங்களின் இலக்கு "இயன்றவரை விரிவான" தடையின்மை என்கின்றது. "முழுமையான" என்பதற்கும் "இயன்றவரை விரிவான" என்பதற்கும் உள்ள தூரம் சாதாரண வாசிப்பில் சிறியது. நீதிமன்றத்தில் அது பெரியது.

எவ்வளவு பெரியது என்பதை பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தின் ஓபர்கோகன் என்ற சிறு நகரத்தின் வழக்குக் காட்டியது. அங்கு நிலையத்தை மாற்றியமைத்தபோது நடைமேடைக்கான வழி படிக்கட்டுடன் அமைந்தது. சக்கர நாற்காலியில் வருவோர் தாமாகச் செல்ல வழியில்லை. மாற்றுத்திறனாளிகள் சமத்துவச் சட்டம் 2002 இல் நடைமுறைக்கு வந்தபோது, பாதிக்கப்பட்ட தனிநபருக்குப் பதிலாக ஏற்பளிக்கப்பட்ட அமைப்பொன்று வழக்குத் தொடரலாம் என்ற புதிய வழியைத் திறந்திருந்தது. அவ்வழியால் சென்ற வழக்கு லைப்சிக்கிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்தை அடைந்தது. 2006 ஆம் ஆண்டில் அமைப்புக்குத் தோல்வியாக முடிந்தது. ஒவ்வொரு தனி நிலையமும் தடையற்றதாக இருக்க வேண்டும் என்ற உரிமையை அவ்விதியிலிருந்து பெற முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். நிறுவனம் திட்டம் வகுக்கக் கடமைப்பட்டுள்ளது. அத்திட்டம் எண்ணிக்கையின்படி முன்னுரிமை வகுக்கலாம்.

அந்த எண்ணிக்கைதான் மூதாட்டியை மீண்டும் நினைவூட்டுவது. 2005 ஆம் ஆண்டில் டொச் பான் வகுத்த திட்டம் நாளொன்றுக்கு 1000 பயணிகள் என்ற அளவை எல்லைக்கோடாகக் கொண்டது. அதற்கு மேற்பட்ட பயணிகள் உள்ள நிலையத்தைப் புதிதாகக் கட்டினாலோ பெருமளவில் திருத்தினாலோ தடையற்ற வழி அமைக்கப்படும். அதற்குக் குறைந்த நிலையங்களில் தேவையும் அயலிலுள்ள நிலையங்களின் நிலையும் கருத்திற்கொள்ளப்படும். பொதுப்பணத்தைப் பெரும்பான்மையோருக்குப் பயன்படும் இடத்தில் முதலிற் செலவிடுவது நியாயமற்றது அன்று. ஆயினும் எண்ணப்படுவோர் வண்டியில் ஏறியவர்களும் இறங்கியவர்களும் மட்டுமே. படிக்கட்டைக் கண்டு திரும்பிச் சென்றவர், திரும்ப நேரும் என்று அறிந்து புறப்படவே இல்லாதவர், மகனின் காருக்காகக் காத்திருப்பவர் ஆகியோர் எண்ணப்படுவதில்லை. மின்தூக்கி இல்லாத நிலையத்தில் சக்கர நாற்காலிகள் குறைவாகக் காணப்படும். குறைவாகக் காணப்படுவதால் மின்தூக்கி அவசரமானதாகத் தோன்றாது. இவ்வட்டத்தை உடைக்கும் ஆவணம் எழுத்தில் அளிக்கப்படும் கோரிக்கை ஒன்றே. "நான் பயணம் செய்யவில்லை, காரணம் இது" என்ற ஒரு பந்தி, கணக்கெடுப்பில் இடம்பெறாத ஒருவரைக் கோப்பில் இடம்பெறச் செய்கின்றது.

ஆகவே எழுதும் முறை முக்கியமானது. முதலில் பழுதையும் இன்மையையும் வேறுபடுத்த வேண்டும். மின்தூக்கி உண்டு, ஆனால் இயங்கவில்லை என்பது பழுது. நடைமேடை விளக்கு அணைந்திருத்தல், கண்ணாடித் தடுப்பு உடைந்திருத்தல், ஒலிபெருக்கி கேளாமை ஆகியனவும் பழுதுகளே. இவற்றுக்கு நீண்ட கடிதம் வேண்டாம். நிலைய அறிவிப்புப் பலகையில் தூய்மை, பாதுகாப்பு, சேவை ஆகியவற்றுக்கான மையத்தின் தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். நிலையத்தின் பெயரையும் தண்டவாள எண்ணையும் நேரத்தையும் சொன்னாற் போதும். மின்தூக்கிகள் இயங்குகின்றனவா என்பதை டொச் பானின் இணையத் தகவல் மூலம் வீட்டிலிருந்தே முன்கூட்டி அறியவும் முடியும். முதியோரை அழைத்துச் செல்வோர் புறப்படும் நாட்காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

மின்தூக்கியே இல்லை, இருக்கை இல்லை, மழைக்கு ஒதுங்க இடமில்லை, பார்வை குறைந்தோர் பாதத்தால் உணர்ந்து நடக்கும் வரித்தளம் இல்லை என்பது இன்மை. இதற்குக் கடிதம் வேண்டும். "எமது நிலையம் மிகவும் மோசமாக உள்ளது" என்று எழுதுவதால் பயனில்லை. எந்நிலையம், எத்தனையாம் தண்டவாளம், எந்த நாள், எத்தனை மணி வண்டி, எவர் என்ன செய்ய முடியாமற் போனார் என்பனவே வேண்டுவன. கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அதிகாரி கோப்பில் பதியக்கூடியது கோபத்தை அன்று.

கோரும் வசதி எதுவாயினும் அதற்கொரு தொழில்நுட்ப அளவு உண்டு என்பதை அறிந்திருப்பதும் கோரிக்கைக்கு வலுச்சேர்க்கும். பொதுவெளிகளில் தடையின்மைக்கான ஜேர்மன் தரநியமத்தின்படி சாய்தளத்தின் சரிவு 6 சதவீதத்தை மிஞ்சலாகாது; நீண்ட சாய்தளத்தில் 6 மீற்றருக்கு ஒருமுறை இளைப்பாறும் சமதளம் வேண்டும். மின்தூக்கியின் உட்புறம் குறைந்தது 1.10 மீற்றர் அகலமும் 1.40 மீற்றர் நீளமும் கொண்டிருக்க வேண்டும். ஒரு கணக்கு: மூன்று மீற்றர் உயரமுள்ள மேடைக்கு 6 சதவீதச் சரிவில் ஏற 50 மீற்றர் நீளச் சாய்தளமும் இடையிடையே சமதளங்களும் தேவை. பல சிறு நிலையங்களில் அதற்கு நிலமே இல்லை. "மின்தூக்கி விலை அதிகம், சாய்தளம் போதுமே" என்ற யோசனை ஏன் எளிதில் நிறைவேறுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

அறிவிப்புகளைப் பொறுத்தவரை இரு புலன் விதி என்றொன்று உண்டு. முக்கியமான தகவல் எதுவும் கண்ணுக்கும் செவிக்கும், அல்லது கண்ணுக்கும் தொடுகைக்கும் எட்டுமாறு இரு வழிகளில் தரப்பட வேண்டும். தண்டவாளம் மாறியதை ஒலிபெருக்கி மட்டும் அறிவித்தால் செவிப்புலன் குறைந்தவர் தவறவிடுவார். டொச் மொழி இன்னும் கைவராதவரும் தவறவிடுவார். ஓடும் எழுத்துப் பலகை ஒன்று இருந்தால் இருவருக்கும் உதவும். பயணச்சீட்டு இயந்திரங்கள் பல மொழிகளில் இயங்குகின்றன. தமிழ் அவற்றுள் இல்லை. அதனைக் கோரிப் பெறுவது இன்றைய நிலையில் அரிது. ஒலியோடு எழுத்தும் வேண்டும் என்று கோருவது அவ்வாறன்று. அதற்கு நியமம் துணைநிற்கின்றது.

கடிதத்தை எவருக்கு அனுப்புவது? நடைமேடையைப் பற்றியதாயின் இன்ஃப்றாகோவுக்கும், அதன் படியை என்.வே.எல். அமைப்புக்கும் அனுப்புதல் தகும். நிலையம் வெஸ்ற்ஃபாலன் லிப்பெ பகுதிக்கு வெளியே, எசென் அல்லது டுசில்டோர்ஃப் பக்கம் இருப்பின் அங்கு அப்பணியை ஆற்றுவது வே.ஆர்.ஆர். ஆகும். முன்றில், தரிப்பிடம், அணுகு வீதி ஆகியவை மாநகரசபைக்கு உரியவை. நோர்ட்றைன் வெஸ்ற்ஃபாலன் ஊராட்சிச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு, ஊரில் வதிவோர் தனியாகவோ பலர் சேர்ந்தோ ஆலோசனைகளையும் முறைப்பாடுகளையும் நகரசபைக்கு எழுத்தில் சமர்ப்பிக்க உரிமை அளிக்கின்றது. இதற்கு ஜேர்மன் குடியுரிமை தேவையில்லை; தேர்தலில் வாக்கில்லாதவருக்கும் இவ்வுரிமை உண்டு. கூட்டாட்சிச் சட்டத்தையே திருத்தக் கோருவதாயின் அரசியலமைப்பின் 17 ஆம் உறுப்புரையின்படி எவரும் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு மனு அளிக்கலாம். அவ்வுறுப்புரையும் குடிமக்கள் என்று வரையறுக்காது "ஒவ்வொருவருக்கும்" என்றே சொல்கின்றது.

பயணத்தின்போது நேர்ந்த இடர் பற்றிய முறைப்பாடு வேறு வகை. 2023 ஆம் ஆண்டு யூன் 7 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, நிகழ்வு நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். நிறுவனம் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதிலளிக்க வேண்டும். இங்கும் சிறு நிலையங்களுக்கு ஒரு பாதகம் உண்டு. முறைப்பாட்டு ஏற்பாடு செய்யும் கடமை எல்லா வண்டி நிறுவனங்களுக்கும் உண்டு. நிலைய நிருவாகங்களுக்கோ நாளொன்றுக்குச் சராசரி 10,000 பயணிகளுக்கு மேற்பட்ட நிலையங்கள் தொடர்பில் மட்டுமே அக்கடமை விதிக்கப்பட்டுள்ளது. எனவே புறநகர் நிலையத்தில் இடர்ப்பட்டவர் தாம் பயணச்சீட்டுப் பெற்ற வண்டி நிறுவனத்துக்கும் சேர்த்து எழுதுவது அறிவுடைமை. பதில் திருப்தியளிக்காவிடின் பொன் நகரிலுள்ள கூட்டாட்சித் தொடருந்து அலுவலகத்தை நாடலாம்.

நிலையமொன்று மாற்றியமைக்கப்படவிருக்கும்போது கோரிக்கைக்கு மிகச் சிறந்த காலம் வாய்க்கின்றது. பெரிய மாற்றங்களுக்குத் திட்ட அனுமதி நடைமுறை உண்டு. அதில் வரைபடங்கள் ஒரு மாத காலம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அக்காலம் முடிந்து இரு வாரங்கள் வரை, தம் நலன் பாதிக்கப்படுவோர் ஆட்சேபனை எழுதலாம். அறிவித்தல் நகரின் உத்தியோகபூர்வ ஏட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் வரும். கட்டி முடித்த பின் எழுதும் நூறு கடிதங்களை விட அந்த ஆறு வாரங்களுக்குள் எழுதும் ஒன்று கனமானது; வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துவதும் கொங்கிறீற்றை உடைப்பதும் ஒன்றல்ல. கட்டுமான காலத்தில் தற்காலிக வழி எவ்வாறு அமையும் என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். ஈராண்டு நீடிக்கும் வேலையில் "தற்காலிகம்" என்பது முதியவர் ஒருவருக்குச் சிறிய காலம் அன்று.

இவை யாவும் நடைபெறும் வரை மூதாட்டி என்ன செய்வது? மேற்கூறிய ஐரோப்பிய ஒழுங்குவிதி, ஏறவும் இறங்கவும் வண்டி மாறவும் கட்டணமின்றி உதவி பெறும் உரிமையை அளிக்கின்றது. குறைந்தது 24 மணிநேரத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். டொச் பானின் நடமாட்ட உதவிச் சேவை மையத்தில் தொலைபேசி மூலமோ இணையம் மூலமோ பதிவு செய்யலாம். பணியாளர் இல்லாத சிறு நிலையங்களில் இவ்வுதவி எப்போதும் கிட்டாது. பதியும்போதே அதனைக் கேட்டறிந்து, தேவையெனில் அருகிலுள்ள வேறொரு நிலையத்திலிருந்து புறப்படுமாறு பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். முன்னறிவித்தல் கொடுக்கத் தவறினாலும் நிறுவனம் இயன்ற நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று விதி சொல்கின்றது. ஆயினும் விழா நாளின் நெரிசலில் அதனை நம்பிப் புறப்படுவது உசிதமன்று. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் துணைவருக்கான "பே" என்ற எழுத்து இருப்பின், உடன்வருபவர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம்.

பதியும்போது சிலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. தேர் பார்த்துத் திரும்பும் பயணமும் தனியாகப் பதியப்பட வேண்டும். பூசை நீண்டு குறித்த வண்டி தவறிவிட்டால் உடனே மையத்துக்கு அறிவித்து அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்றேல் ஹம் நிலையத்தில் ஏற்றிவிட ஒருவர் கிடைத்தாலும், இரவில் வண்டி மாறும் நிலையத்தின் மேடையில் இறக்கிவிட எவரும் காத்திருக்கமாட்டார்.